ராக்கெட் வளையத்துக்குச் சந்தனப் பொட்டு

உத்திரமேரூர்,
28-10-1984

அன்புள்ள மைத்துனன் தாண்டவராயனுக்கு, உன் அக்காள் புருஷன் வேதகிரி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் செங்கேணியும் நம் லேத் பட்டறையும் சுகம். பம்பாயில் நீயும் அதுபோலவே இருக்க மாகறல் ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. நீ போன ஐந்து வருஷத்துக்கு அப்புறம் ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மறுபடி ஆர்டர் வந்தது. நாற்பது வளையம். கடைந்து அனுப்பிவிட்டேன். பரிசோதனையில் தேறினால் வருஷா வருஷம் அவர்கள் வேலை. தேறாவிட்டால் பழையபடி பக்கத்துப் பெருநகர் கிராமத்துப் பம்புசெட்டு ரிப்பேர்தான். கண்டிப்பாகத் தேறும். உன் உதவி தேவைப்படவில்லை என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

முதல் ஆர்டரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இருபத்து நாலு வளையத்தையும் நீ பெட்ரோலில் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாய். அன்றைக்கு ஆயுத பூஜை. வானத்துக்குப் போகிற சாமானை வெறும் நெற்றியோடு அனுப்புவதா என்று நான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பெட்டியில் போட்டு ஆணி அடித்துவிட்டேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது: 'எல்லாப் பாகங்களிலும் மஞ்சள், சிவப்பு நிறப் பொருள் ஒரே சீராகப் படிந்துள்ளது. அதன் ரசாயனக் கலவையைத் தெரிவிக்கவும்.' நீ தலையில அடிச்சிக்கினு, "இன்னா மாமா இப்பிடிப் பண்ணிட்ட!"ன்னு கத்தினே. நான் பயந்துபோய், இரண்டும் அசல் சரக்கு, கலப்படம் கிடையாது என்று பதில் எழுதினேன்.

அப்புறம்தான் விஞ்ஞானி ஜானகிராமன் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். உதைதான் என்று நினைத்தேன். அவரோ கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து நம் வேர்க்கடலையைத் தின்றுகொண்டே, "இவ்வளவு வழவழன்னு யார் கடைஞ்சது?" என்று கேட்டார். நீ கூச்சமே இல்லாமல் அவர் டிராயிங்கில் கை வைத்தாய். "சார், இந்த மூலை காகிதத்துல நல்லாத்தான் கீது. டூல் உள்ள போவாது. கொஞ்சம் வளைச்சு வுட்டா இன்னா?" என்றாய். நான் பின்னாலிருந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் பென்சிலை எடுத்து அங்கேயே திருத்தினார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது தோணலியே" என்றார். அவர் பெரிய படிப்பு, நீ ஐ.டி.ஐ.; ரெண்டு பேரும் ஒரு காகிதத்துமேல தலைய முட்டிக்கினு நின்னீங்க. அவங்க ஆளு வந்து நமக்குக் கையுறை போடக் கத்துக்குடுத்தான், நீ அவனுக்கு டூல் தீட்டக் கத்துக்குடுத்தே. அந்த மாதிரி ஒரு காலம் நம்ம பட்டறைக்கு அப்புறம் வரவேயில்ல, மச்சான். அந்த வேலையைப் பார்த்துத்தான் பம்பாய்க் கம்பெனி உன்னைக் கொத்திக்கொண்டு போனது. நான் தடுத்தேனா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சின்னராசு என்று ஓர் ஆள் இருக்கிறான். நல்லாவே வேலை பண்ணிக்கினு கீறான். இந்தப் பூஜைக்கு வளையம் ஒன்றுக்கும் நான் பொட்டு வைக்கவில்லை, நம்பு. ஆகவே நீ அங்கேயே சௌகரியமாக இரு.

உன் அக்காவின் ஆசி. குளிருக்கு முன்னால் ஒரு கம்பளி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
வேதகிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் பெட்டி திரும்பி வந்துவிட்டது. ஜானகிராமன் சாரே கூட வந்தார். நாற்பதும் ஒரு தலைமுடி கனம் மெலிவாம். வளையத்துக்குத்தானே கூடாது என்று, பூஜையன்று கனம் அளக்கிற மைக்ரோமீட்டருக்குப் பொட்டு வைத்தேன். அளக்கிற இடத்தில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது; அதன் கனத்தையும் சேர்த்தே அளந்து, வளையத்தைக் கூடுதலாகக் கடைந்துவிட்டோம். "தப்புன்னாலும் நாப்பதும் ஒரே மாதிரி தப்பு" என்று சிரித்தார். மறுபடி கடைய ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டு, "தாண்டவராயன் எங்க?" என்று கேட்டார். லீவுல போயிருக்கான் சார் என்று வாயில் வந்துவிட்டது. லீவு போதும் மச்சான், வந்து சேர்.