பால்ராஜுக்கு வந்த பல்வலி

லேடி டாக்டர் வீட்டுப் படியில் பால்ராஜ் ஒரு காலைத்தான் வைத்திருந்தான். பின்னால் குரல் கேட்டது.

"யாரு, பால்ராஜா? இங்க என்ன வேலை?"

கோயில் உபதேசியார் சூசை. பிள்ளைப்பேற்றைத் தடுப்பது பாவம் என்று போன ஞாயிறு சாமியார் பிரசங்கம் வைத்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டியவர். அந்தப் பாவத்துக்கு வழி சொல்கிற இடம் இந்த வீடுதான் என்பது பினாங்கு முழுக்கத் தெரியும்.

பால்ராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் வராமல் என்ன செய்வான்? ஆறாவது பிரசவத்தில் டோரதி செத்துப் பிழைத்திருந்தாள். இன்னொன்று உண்டானால் உயிர் தங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பேச்சை மனைவியிடம் எடுக்கக்கூட வெட்கப்பட்டு, மூன்று மாதமாகக் கூடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டிருக்கிறான்.

பக்கத்துக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கப் பற்கள் பல்லிளித்தன. சீனப் பல் வைத்தியர் கடை.

"பல்வலி, உபதேசியாரே. கடை மாறி வந்துட்டேன்."

அதோடு விட்டிருந்தால் தேவலை. உபதேசியார் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். எந்தப் பல் என்று சீனர் மலாயில் கேட்டார். பால்ராஜ் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினான். தட்டிப் பார்த்த சீனர், பல் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். வலியும் நின்றுவிட்டது என்று பால்ராஜ் எழப் பார்த்தான்.

"பயத்துல அப்படித்தான் தெரியும் லா," என்று உபதேசியார் அவன் தோளை அமுக்கினார். "புடுங்கச் சொல்லியாச்சு. நான் வெளிய நின்னு அப்பொலோனியம்மாளை வேண்டிக்கிறேன்."

பல்வலிக்கான புனிதை அன்று வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும். பல் லேசில் வரவில்லை. பால்ராஜ் கண்ணில் நீர் வழிய வெளியே வந்தபோது உபதேசியாரைக் காணோம்.

தண்டனையைத்தான் முன்கூட்டியே அனுபவித்தாயிற்றே, இனிப் பாவத்தைச் செய்தால் என்ன என்று தோன்றியது. வாயில் பஞ்சோடு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, லேடி டாக்டர் வீட்டுக்குள் நுழைந்தான். நர்ஸ் குணவதி என்ன வேண்டும் என்று கேட்டாள். டோரதியின் பேரையும், தான் அவள் புருஷன் என்பதையும் மட்டும் எப்படியோ முனகிவைத்தான்.

குணவதி ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"டோரதியக்கா மருந்தையும் சேர்த்துத்தானே இப்ப உபதேசியார் வாங்கிட்டுப் போனாரு? அவர் சம்சாரமும் உங்க வீட்டம்மாவும் போன மாசமே ஒண்ணா வந்து பேர் கொடுத்தாச்சே."