பதினோராவது கட்டில்

மருத்துவமனையில் கட்டில் போதவில்லை என்றால் கட்டில் வாங்கவேண்டும் என்று அதுவரை எல்லாரும் மூடத்தனமாக நம்பியிருந்தார்கள். அந்த இருளை நீக்கும் பொறுப்பைக் கண்காணிப்பாளர் ஏற்றார்.

“வார்டுக்குப் பத்துக் கட்டில் இருக்கு. இனிமே பதினொண்ணு. கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க.”

“கட்டில் எங்க சார்?” என்றார் புரோகிராமர்.

“இருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடுறேன்?”

புரோகிராமருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாதாடும் வயதை வேறு அலுவலகங்களில் தொலைத்துவிட்டு வந்தவர். மருத்துவமனையை அவர் C என்னும் கணினி மொழியில் ஓர் இரு பரிமாண அணியாக எழுதியிருந்தார். வார்டு ஒரு வரிசை. கட்டில் அதில் ஒரு கட்டம். பத்துக் கட்டமுள்ள வரிசையில் பதினோராவதைக் கேட்டால் C பெரும்பாலும் மறுப்பதில்லை. மேலிடத்துக்கு மறுப்புச் சொல்லாத ஊழியனைப் போல, அடுத்த வரிசையின் முதல் கட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்து நீட்டிவிடும்.

“சார், முதல் வார்டுல பதினோராவது ஆளைச் சேர்த்தா, ரெண்டாவது வார்டுல முதல் கட்டில்காரங்க பேர் அழிஞ்சிடும்.”

“எரர் வருதா?”

“வரல.”

“அப்புறம் உங்களுக்கு என்ன வருது?”

திட்டம் மாலை மரியாதையுடன் தொடங்கப்பட்டது. மறுநாள் ரெண்டாவது வார்டு நர்ஸ் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்க முதல் கட்டில்ல இருக்கிற உங்கம்மா பேர் கம்ப்யூட்டர்ல இல்ல. பேர் இல்லாதவங்களுக்கு மருந்து வராது.”

“உன் எதிர்லதானேம்மா படுத்திருக்காங்க?”

“படுத்திருக்காங்க. என்னைத் திட்டிக்கிட்டும் இருக்காங்க. ஆனா இல்ல.”

அவர் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினார். கண்காணிப்பாளர் உண்மையிலேயே உருகிப்போனார்.

“உங்கம்மாவா? முதல்லயே சொல்லக் கூடாதா? மூணாவது கட்டிலுக்கு மாத்தி, பேரைத் திரும்ப ஏத்துங்க. அங்க இருக்கிறவங்களை முதல் கட்டிலுக்குக் கொண்டுவாங்க.”

நிரலில் ஒரே ஒரு வரி எழுதினால் பதினோராவது கட்டிலே இல்லாமல் போய்விடும். புரோகிராமருக்கு அது தெரியும். அம்மாவின் பெயரை மூணாவது கட்டத்தில் ஏற்றினார். பிறகு கட்டிலைத் தள்ளப் போனார்.

அம்மாவுக்கு அன்று மாலையே மருந்து வந்தது. மூணாவது கட்டிலில் இருந்த கிழவி, அடுத்த பதினோராவது ஆள் வரும்வரை பெயரோடு, முதல் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் மகள் அவரைத் தேடிவந்து கைகூப்பினாள்.

“ஜன்னலோரமா காத்து வர்ற இடம். கேக்காமலே செஞ்சீங்க. நல்லா இருக்கணும் நீங்க.”

“பரவாயில்லம்மா,” என்றார் அவர்.