எண்ணெய்க் கிணற்று மாப்பிள்ளை

நான் எஞ்சினியர் இல்லை. இந்த ஒரு வரியை அம்மாவின் முன்னால் சொல்ல எனக்கு ஆறு வருடங்களும் பிக்கரிங்கில் பொம்பிளை பார்க்கப் போன ஒரு வீடும் தேவைப்பட்டன.

அப்போது இரண்டு கிழமை அல்பேர்ட்டாவில் வேலை, ஒரு கிழமை ஸ்காபரோவில் அம்மாவின் சோறு என்று பறந்து திரிந்தேன். எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீரையும் மணலையும் பேய் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். பிளவு திரும்ப மூடாமல் மணல் முட்டுக்கொடுக்க, இடுக்கு வழியே எண்ணெய் வரும். லொறிகள் அந்த மணலைப் பெரிய தொட்டிகளுக்குள் ஊதித் தள்ளும்போது, மேலே ஏறி நின்று மூடியைத் திறந்து, எவ்வளவு நிரம்பிவிட்டது என்று எட்டிப் பார்ப்பவன் நான். (எட்டிப் பார்க்கப் பட்டம் கேட்கமாட்டார்கள்.) அம்மாவிடம் “எண்ணெய்க் கம்பனியில வேலை” என்று மட்டும்தான் சொன்னேன். எஞ்சினியர் என்பதை அவரே சேர்த்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மூடியைத் திறந்தால் வெள்ளைப் புழுதி முகத்தில் அறையும். முகமூடி தந்திருந்தார்கள். ஆனால் அது முகத்தோடு இறுக ஒட்டுவதற்குத் தாடி இருக்கக்கூடாது. எனக்கோ இந்த உலகத்தில் இருந்த ஒரே அழகு அந்தத் தாடிதான். முகமூடியைப் பரிசோதிக்கும் நாளில் மட்டும் மழிப்பேன். மற்ற நாட்களில் மேற்பார்வையாளருக்கு என் தாடியைப் பார்க்க நேரமில்லை.

பொம்பிளையின் பெயர் சுபா. ஆஸ்பத்திரியில் மூச்சுக் கஷ்டம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுப்பவர். (இந்தத் தகவலைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.) ஞாயிறு பின்னேரம் அம்மாவும் நானும் போனோம். என் சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல் நிறைய மணல்.

“தம்பி, மணலால என்னண்டு எண்ணெய் வரும்?” என்று சுபாவின் அப்பா கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன். போத்தலைத் திறந்து ஒரு கிண்ணத்தில் கொட்டினேன்.

“பாருங்கோ அங்கிள், சீனி மாதிரி உருண்டை. உந்தக் கடற்கரை மணலெண்டால் அந்த அழுத்தத்துக்கு நொருங்கிப் போயிடும்.”

நான் வாயால் பாறையைப் பிளந்துகொண்டிருந்தபோது, தேத்தண்ணியோடு வந்த சுபாவின் அம்மா, கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி அள்ளி அங்கிளின் கோப்பையில் போட்டுக் கலக்கிவிட்டார். அங்கிள் ஒரு மிடறு குடித்தார். பிறகு கடித்தார். அவருடைய முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. என் வாயிலிருந்த தேத்தண்ணி முழுவதும் சுபாவின் அம்மாவின் சேலையில்.

அதோடு நிற்கவில்லை. இருமினேன், இருமினேன், சோஃபாவிலிருந்து முழங்காலில் விழுந்து இருமினேன்.

“ஆறு மாசமா உப்பிடித்தான். அல்பேர்ட்டாக் குளிர்,” என்றார் அம்மா.

சுபா என் முன்னால் குந்தியிருந்து, கழுத்தையும் நெஞ்சையும் கூர்ந்து பார்த்தார். ஒரு பெண் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எத்தினை வருசம் இந்த மணலோட?”

“ஆறு.”

“மாஸ்க் போடுறனீங்களா?”

“போடுவன்.”

“உந்தத் தாடியோடயா?”

நான் தாடியைத் தடவினேன்.

“எஞ்சினியர் ஏன் டஸ்ட்டுக்குள்ள நிக்கிறீங்கள்? ஐ டோண்ட் கெட் இட்.”

“நான் எஞ்சினியர் இல்லை,” என்றேன். “தொட்டிக்கு மேல நிண்டு மணல் பாக்கிறன்.”

அம்மா கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார்.

வாசலில் சுபா சொன்னார்: “கலியாணக் கதையை விடுங்கோ. நாளைக்கே எக்ஸ்ரே எடுங்கோ. ப்ளீஸ்.”

எடுத்தேன். நுரையீரலின் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக. சிலிக்கோசிஸ் என்றார் டொக்டர். மணல் தூள் உள்ளே போய்த் தழும்பாகிவிட்டது, தழும்பு மாறாது, இனிமேல் ஒரு நாள்கூட அந்த வேலைக்குப் போகக்கூடாது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா யன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீங்கள் சந்தோசமா இருந்தனீங்கள்.”

அன்று பின்னேரமே தாடியை மழித்தேன். ஆறு வருடம் பிந்திவிட்டது.

இப்போது ஒரு கடையில் இருந்தபடி செய்யும் வேலை. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதானால் மாடிக்கு மாடி நின்று போகிறேன். சுபா வேறொருவரைக் கட்டினார். எங்களுக்கும் அழைப்பு வந்தது, போனோம். அன்று தொடங்கி எந்தக் கலியாண மண்டபத்திலும் அம்மா இதைச் சொல்லாமல் விடுவதில்லை: “எல்லாற்ற பிள்ளையளும் போய் பொம்பிளை பாத்தவை. என்ர மகனைப் பொம்பிளை உள்ளுக்கையும் பாத்திட்டு வேண்டாமெண்டிட்டாள்!”

மேசை முழுவதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன், அளவாக. கொஞ்சம் கூடி இருமலாகிவிட்டால் அம்மா கதையை நிறுத்திவிட்டு, கைப்பைக்குள் தண்ணீர்ப் போத்தலைத் தேடத் தொடங்கிவிடுவார்.