இருபத்துமூன்று நாள் அப்சர்வேஷன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம் என்று இன்னொரு தடவையும் எழுதிவைக்கிறேன், ஒரு தடவை சொன்னால் நம்புகிற ஆள் இல்லை நீ. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

மூன்று வாரமாக அக்கா வீடியோவில் முகத்தைக் காட்டவில்லை, கால் வீக்கத்தை மறைக்கத்தான் லேப்டாப்பை அணைத்துவைத்திருக்கிறாள் என்று மாடிவீட்டு டிரைவரிடம் சொன்னாயாமே? என்றைக்கோ ஒருநாள் நான் ஸ்டூலில் கால் நீட்டியிருந்ததை வீடியோவில் பார்த்துவிட்டாய், அன்று பிடித்த சனி, டாக்டரிடம் காட்டு காட்டு என்று ஒரே பல்லவி. வீங்கியிருப்பது என் கால் இல்லை தம்பி, நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப். என் கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கும், காலையில் வடிந்துவிடும். முப்பத்தாறு வருஷம் வார்டில் நின்ற கால், அதற்கு அந்த உரிமைகூட இல்லையா? எத்தனையோ டாக்டர்களுக்கு நரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தவள் நான். என் காலை எவரிடமும் காட்டமாட்டேன். கால் பேச்சு இத்தோடு சரி.

இப்போது லேப்டாப் கதைக்கு வா. நாலாம் தேதி காலையில் திறக்கிறேன், விரலால் தடவுகிற அந்தச் சதுரம் மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது. மூடினால் மூட மாட்டேன் என்கிறது, மேசையில் வைத்தால் ஒரு பக்கமாக ஆடுகிறது. பேட்டரி வீங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பார்கள். நான் ஓடவில்லை. வீக்கத்தைக் கண்டு ஓடுகிறவள் நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லை. சார்ஜரைப் பிடுங்கினேன், அணைத்தேன், ஜன்னலோரம் காற்றோட்டமாகக் கிடத்தினேன். ஒரு நோட்டில் கோடு போட்டு தேதி, நேரம், மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, தொட்டால் சூடு உண்டா என்று கட்டம் கட்டி, காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று வேளை தவறாமல் அளந்து எழுதினேன். பெயர் என்ற இடத்தில் பெட் நம்பர் பதினேழு என்று போட்டேன். என் அனுபவத்தில் பதினேழாம் பெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சொன்ன பேச்சு கேட்காத ஆட்கள்தான்.

நடுவில் இந்த டிரைவர் வேறு. டயரிலேயே பழகின மனுஷன். "சிஸ்டர், உள்ள காத்து அடைச்சிருக்கு, அவ்வளவுதான். ஆணி கையோட கொண்டாந்திருக்கேன். ஒரே குத்து, புஸ்ஸுன்னு இறங்கிடும்" என்று வந்து நிற்கிறார். "குத்தினா காத்து வராது, நெருப்பு வரும்! மொதல்ல நீங்க மாடி ஏறுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருமுனை வரைக்கும் ஜன்னல் திறந்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, உன்னோடுதான் பேசுகிறார்.

நேற்று இருபத்தாறாம் தேதி. இடைவெளி பதிமூன்று மில்லிமீட்டர், தொட்டால் வெதுவெதுப்பு. சரி, அப்சர்வேஷன் போதும், பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று முடிவு பண்ணி, அகலமான அலுமினியப் பாத்திரத்தில் மணலைப் பரப்பி, நோயாளியை அதில் படுக்கவைத்து, வாடகைக் காரில் மடியில் தாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பாத்திரத்தைப் பார்த்ததும் "ஆன்ட்டி, இங்க சாப்பாடு கொண்டு வரக்கூடாது" என்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "வாரண்டி முடிஞ்சு பதினாலு நாள் ஆயிடுச்சே, எடுக்க முடியாது" என்றாள். விடுவேனா? "வீங்கினது வாரண்டிக்குள்ளம்மா, இதோ சார்ட்டு! சேர்க்க மாட்டீங்கன்னா ஏன் சேர்க்கலைன்னு எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடு" என்று நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து என்றதும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறார்கள். பாத்திரத்தில் இருப்பது என்ன என்று தெரிந்ததும் முன்வரிசை ஜனம் பின்வரிசைக்குப் போனது, பின்வரிசை ஜனம் வாசலுக்குப் போனது. கடைசியில் உள்ளேயிருந்து மெக்கானிக்கே கையுறையோடு வந்தார்.

நல்ல கைப்பக்குவம், சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, தலையணை மாதிரி உப்பிக் கிடந்த பேட்டரியை நோகாமல் எடுத்து மணல் வாளிக்குள் விட்டார். அப்புறம் என் நோட்டை வாங்கி வரி விடாமல் படித்தார். "இத்தனை வருஷத்துல யாரும் இப்படி எழுதிக் கொண்டாந்ததில்லைம்மா" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா நாலாந்தேதியே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே வந்திருந்தா வாரண்டியிலேயே மாத்திக் குடுத்திருப்போம். இவ்வளவு அழகா எழுதி வெச்சுக்கிட்டு, யாருக்கும் காட்டாம ஏம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாரே பார்க்கணும்! "நான் பார்க்காத வீக்கமா?" என்றேன். அந்த மனுஷன் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது பேட்டரி இல்லாமல், சுவரில் செருகி ஓட்டுகிறேன். ஜோராக ஓடுகிறது. வாரண்டி போனால் போகட்டும். எனக்குக்கூட ஐம்பத்தெட்டு வயதிலேயே முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், நான் ஓடவில்லையா? புதிதாக ஒன்று வாங்கி அனுப்பிவிடாதே, திருப்பி அனுப்பிவிடுவேன். இனி வீடியோவில் வருவேன், ஆனால் இடுப்புக்கு மேலேதான் தெரிவேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் நோய்நொடி அண்டாதிருக்கட்டும். இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
எந்த டாக்டரிடமும் எதையும் காட்ட அவசியமில்லாத
உன் அக்கா

பி.கு.: அந்த அடுத்த பக்கத்தில் இன்னொரு சார்ட் இருக்கிறது. பெட் நம்பர் பதினெட்டு, இடது கணுக்கால், வீக்கம் கண்டு முப்பத்தெட்டு நாள். காலையில் வடிந்துவிடும் என்று மேலே எழுதியது பொய். பன்னிரண்டு நாளாக வடியவில்லை, செருப்பு நுழையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. தபாலில் போட்டால் நாளாகும் என்று, மாடிவீட்டு டிரைவரிடம் கொடுத்து இதைப் போட்டோ எடுத்து உனக்கு இப்போதே அனுப்பச் சொல்கிறேன். அவரும் படிப்பார், படிக்கட்டும். நாளைக் காலையில் காரோடு வா. டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நில். அக்கா தோற்றுவிட்டாள் என்று உன் மனைவியிடம் சொன்னாயோ, பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவேன்.