மாமியை நிறுத்தி வைத்த அண்டெனா

டிவி விற்பவனை நம்பி டிவி வாங்கலாம். அவனைக் கூரையில் மட்டும் ஏற்றக்கூடாது. கண்டி டவுனில் ஒரு கடையில் வருடக்கணக்காக டிவி விற்பவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

கல்யாணமான பிறகு வந்த முதல் நோன்பு. திகனயில் மனைவி ரிஸ்னாவின் வீட்டில் இருந்தோம். மாமி, அதாவது ரிஸ்னாவின் உம்மா, ஒரு டிவி சமையல் நிகழ்ச்சியில், முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்து முந்திரிக் கஜு தூவுகிற வட்டிலாப்பம் செய்து காட்டிவிட்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் வட்டிலாப்பம் என்றால் பக்கத்து வீட்டு ஹமீதா மாமிதான். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் நாள்தான், அந்தப் பெயரை மாமி தட்டிப் பறிக்கப்போகிற நாள்.

ஆனால் வீட்டு டிவியில் எந்நேரமும் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறக்கும்.

"மாமி, புது டிஜிட்டல் ஒளிபரப்பு சோதனைக்கு உட்டிருக்காங்க. பெட்டியும் அண்டெனாவும் நான் கொண்டு வாறன். வட்டிலாப்பத்துல ஈக்கிற கஜுவ எண்ணலாம்" என்றேன். (கடையில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.)

நிகழ்ச்சி நாள் காலையிலேயே அண்டெனாவைக் கூரையில் பூட்டினேன். படம் கண்ணாடி போல வந்தது. மாமி செய்தி வாசிப்பவரின் கோட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெருமையில் பழைய அண்டெனாவைக் கழற்றி, தெருவில் வந்த பழைய இரும்பு வண்டியில் போட்டுவிட்டேன்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு நிகழ்ச்சி. சொந்தக்காரர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். திரையில் மாமி சலாம் சொன்னார். கூடமே பதில் சொன்னது. அந்த நேரம் பார்த்துக் கூரையில் தடதடவென்று சத்தம். பலா மரத்துக் குரங்கு ஒன்று என் அண்டெனாவில் ஊஞ்சலாடிவிட்டுப் போனது. (திருகாணியை நான் இறுக்கவில்லை என்பது குரங்குக்குத் தெரிந்திருக்கிறது.) படம் நின்றது. மாமி அகப்பையைத் தூக்கியபடி, வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். துல்லியத்துக்கு மட்டும் குறைவில்லை. சின்னம்மா முறையான ஒரு சாச்சி நிஜமாகவே கஜுவை எண்ணத் தொடங்கினார்.

நோன்பு வாயோடு கூரையில் ஏறினேன். டிவிக்கு முன்னால் ரிஸ்னா, ஜன்னலுக்கு வெளியே மச்சான் நௌசாத், மேலே நான். கண்டிப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அண்டெனா திருப்புவது இப்படித்தான்.

"தெரியுதா?"

"இல்ல மச்சான்."

கொஞ்சம் திருப்பினேன். "இப்ப?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம்.

"படம் வந்த!" என்றான். அதற்குள் என் கை தாண்டிப் போயிருந்தது. "போன" என்றான்.

பழைய அண்டெனா என்றால் திருப்பத் திருப்பப் பூச்சி குறையும், வழி தெரியும். புதியதில் அந்தத் தயவே கிடையாது. முழுப் படம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அதிலும் சரியான திசை கிடைத்த பிறகும் பெட்டி சற்று யோசித்துவிட்டுத்தான் படத்தைக் காட்டும். ரிஸ்னா பார்த்து, நௌசாத்துக்குச் சொல்லி, அவன் எனக்குக் கத்துவதற்குள் என் அண்டெனா அடுத்த மலைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் திரையில் வேறு வேறு விதமாக உறைந்த மாமிதான் மிச்சம். (இதெல்லாம் பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. டிவி விற்பவனுக்குப் புத்தகம் எதற்கு?)

அப்போது முன்கதவு திறந்தது. மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹமீதா மாமியின் வீட்டுக்குள் போனார். அங்கே இன்னும் பழைய மாதிரி அண்டெனாதான். கூரையிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

"பூச்சி பறந்தாலும் ஒங்கட கொரல் நல்லாக் கேட்ட தங்கச்சி" என்றார் ஹமீதா மாமி. "என்ன ஆக்கினீங்கண்டுதான் வெளங்கல்ல."

மாமி அண்ணாந்து என்னைப் பார்த்தார். "எறங்குங்க மகன். முடிஞ்ச."

"மச்சான், வந்த! நல்ல கிளியர்!" என்று நௌசாத் கத்தினான். திரையில் வந்தது சவர்க்கார விளம்பரம்.

(பிறகு யூடியூபில் போட்டிருப்பார்களே என்பவர்களுக்கு: போடவில்லை. இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

மாமி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் ஒவ்வொரு நோன்பிலும் வட்டிலாப்பம் பரிமாறும்போது, என் தட்டுக்கு நேரே வந்ததும் அகப்பையைத் தூக்கியபடி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். கண்கூட இமைக்காது. சாப்பிட இருப்பவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். நான் எழுந்து வெளியே போய், ஜன்னல் வழியாக "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். "இல்ல" என்பார்கள். நௌசாத் மனம் இரங்கி "வந்த" என்று சொன்ன பிறகுதான் வட்டிலாப்பம் தட்டில் விழும்.