பச்சை பிளேடு

காற்றில் அடித்துக்கொண்ட அறைக்கதவுக்கு, தரையில் கிடந்த சாம்பல் நிற உலோகத் துண்டைக் காலால் தள்ளி முட்டுக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் பள்ளிக்கூடம் இருக்கு, ஞாபகப்படுத்துங்க" என்றாள் மனைவி. அவள் கடைசியாகச் செய்த சாதாரண வேலை அதுதான். ஆய்வுக்கூடத்துக்குப் போனவள் திரும்பவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

ஜெட் இன்ஜின் உலோகங்களைப் பற்றி அவள் வருடந்தோறும் நடத்தும் வகுப்பை நிறுத்திவிடலாமா என்று தலைமையாசிரியை போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். புத்தகக் கம்பெனியில் பிழை திருத்தும் கணவர், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இன்ஜினைப் பற்றித் தனக்குத் தெரிந்தது அது சத்தம் போடும் என்பது மட்டும்தான் என்று போனை வைத்த பிறகே உறைத்தது.

அவள் மேஜையில் 'பள்ளிக்கு' என்று எழுதிய டப்பா இருந்தது. உள்ளே பச்சை நிறத்தில், விரல் நீளத்துக்கு, மின்விசிறி இறக்கை போல வளைந்த இன்ஜின் பிளேடு. கூடவே '2' என்று எண்ணிட்ட தாள். முதல் தாளைத் தேடினார், கிடைக்கவில்லை.

'இன்ஜினில் வீசும் நெருப்புக்கு இந்த உலோகம் உருகியே ஆக வேண்டும். உருகாது. உள்ளே குடைந்த நுண்துளைகளில் காற்று ஓடி அதைக் காப்பாற்றும். முழுத் துண்டும் ஒரே படிகம்.'

திருத்த ஒரு பிழை இல்லை. மூன்று முறை படித்தார். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டா பத்தொன்பது வருடம் பேசாமல் துணி மடித்தாள்?

பள்ளி ஆய்வகத்தில் அதை அவர் வாசித்தபோது நாற்பது மாணவிகளும் மூச்சுவிடவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிளேடை முன்வரிசையில் கொடுத்தார்.

"மெட்டல் பச்சையா இருக்குமா சார்?"

பெயின்ட் என்றார்.

"இவ்ளோ லேசா இருக்கே?"

"பறக்கணும்ல."

"நகம் பட்டாலே கீறல் விழுது சார்."

கடைசி பெஞ்சில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அவளுடைய வகுப்பு தன் கையில் சாகிறது என்று தோன்றியது.

"கொடும்மா. நெருப்புலயே காட்டிடறேன்."

ஆய்வக உதவியாளர் பர்னரைப் பற்றவைத்தார்; யாரும் கேட்காமலே அடியில் ஒரு தட்டையும் வைத்தார். இடுக்கியில் பிடித்த பிளேடு மூன்று நொடி தாங்கியது. பிறகு நுனி தலைகுனிந்தது, சொட்டியது, மொத்தமும் தட்டில் பச்சைக் குட்டையாகத் தேங்கியது.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கணவர் வெறும் இடுக்கியோடு நின்றார்.

உதவியாளர் பர்னரை அணைத்தார்.

"ஏன் சார் முகம் இப்படிப் போகுது? மேடமும் முதல்ல இந்த மெழுகு அச்சை உருக்கிச் சிரிக்க வச்சுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. மெழுகு உருகிப் போன இடத்துலதான் உலோகத்தை ஊத்துவாங்களாம். அடுத்தது நிஜ பிளேடு. வீட்ல கதவுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்னு சொல்வாங்களே, அதை எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல?"