உறை போட்ட பாட்டில்

"தம்பி, அந்தப் பாட்டில்ல ஒரு வாய் தண்ணி குடுங்க."

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் சைக்கிளை நிறுத்திவிட்டு மாஸ்டர் இப்படிக் கேட்டதும் கண்ணாடிக்கடைக்காரன் பாட்டிலைக் கையால் மறைத்துக்கொண்டான். பாட்டில் அவன் சைக்கிளில்தான் இருந்தது. துணியுறை போட்டு, பார்க்க லட்சணமாகவே இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது பேட்டரி. அதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும்.

விஷயம் இதுதான். மாஸ்டர் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் கண்ணைச் சோதிக்க இவன் கடைக்கு வந்தாள். இவன் எழுத்துகளைக் காட்ட, அவள் படிக்க, கடைசி வரிக்கு வருவதற்குள் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மகளுக்குச் சம்மதம், அவள் அம்மாவுக்கும் சம்மதம். மாஸ்டர் மட்டும், தன்னோடு மலை உச்சிவரை சைக்கிள் மிதித்துக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார். இதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளை ஒருவர் பாதி மலையில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்து நேராக வேறு இடத்தில் பெண் பார்க்கப் போய்விட்டார்.

"மோட்டார் வெச்ச சைக்கிள்னு தெரிஞ்சா அப்பா உங்களை வாசப்படி ஏற விடமாட்டாரு" என்று மகள் எச்சரித்திருந்தாள். இவனோ கடையின் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள். என்ன செய்வான், பாவம்?

சைக்கிள் கடைக்காரர் முதலில் காட்டிய எலெக்ட்ரிக் மலைச் சைக்கிளின் தண்டு தொடை தடிமனுக்கு இருந்தது. தெருக்கோடியில் வரும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று இவன் கையைப் பிசைந்தான். அவர் உள்ளே போய் இன்னொன்றை ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். எடை குறைந்த ரகம். மிதிகட்டைக்கு நடுவில் ஒரு குட்டி மோட்டார், தண்டுக்குள் ஒளிந்த பேட்டரி. பெற்ற தாய் பார்த்தாலும் சாதாரண சைக்கிள் என்றுதான் சொல்வாள்.

"இது உங்களை இழுத்துட்டுப் போகாது சார். மிதிக்கிறவருக்குக் கை குடுக்கும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

கை கொடுத்தால் போதும் என்று வாங்கிவிட்டான். வாங்கியவன் சும்மா இருந்தானா? இன்னும் லேசாக்குகிறேன் என்று கைப்பிடியை மாற்றினான், டயரை மாற்றினான், ஸ்டாண்டைக் கழற்றி எறிந்தான். அப்புறம்தான் கடைக்காரர், அந்தக் குட்டி பேட்டரி மலை உச்சிவரை தாங்காது என்ற உண்மையைச் சாவகாசமாகச் சொன்னார். அதற்கென்று தண்ணீர்ப் பாட்டில் வடிவத்தில் கூடுதல் பேட்டரி இருந்தது. அதையும் வாங்கி, பாட்டில் மாட்டும் இடத்தில் மாட்டி, ஒயர் தெரியாமல் உறை தைத்துப் போட்டான். அரும்பாடுபட்டுக் குறைத்த எடையெல்லாம் பாட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உண்மையான தண்ணீர் வைக்கத்தான் இடமில்லை.

மோட்டாரின் முனகல் வெளியே கேட்காமல் இருக்க, மலை ஏறும்போது பாடிக்கொண்டே போவது என்றும் முடிவு செய்திருந்தான். நல்ல வேளையாக மாஸ்டருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஏற்றம் வந்தால் கழுத்தில் தொங்கும் விசிலை விடாமல் ஊதுவார். கால் தாளம் தப்பாமல் இருக்கத்தான் என்று விளக்கமும் சொன்னார். இவன் பாட்டும் அவர் விசிலும் சேர்ந்து, மரத்தில் இருந்த பறவையெல்லாம் ஊரைக் காலி செய்துகொண்டு போயின.

இப்போது தண்ணீர் கேட்டுவிட்டாரே. மாஸ்டர் சைக்கிளிலும்தான் ஒரு பாட்டில் இருந்தது. வீட்டம்மா கம்பளி நூலில் பின்னிய உறை போட்டது. தன்னுடையதை வைத்துக்கொண்டு மனுஷன் நம்மிடம் எதற்குக் கேட்கிறார்? சோதனை. கொடுக்கிற மனசு இருக்கிறதா என்று ஆழம் பார்க்கிறார். இப்படி முடிவு கட்டியவன், அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"இதுல தண்ணி இல்ல மாஸ்டர். மருந்து."

மாஸ்டரின் முகம் மாறியது. என்ன வியாதி, எத்தனை நாளாக, பெண்ணுக்குத் தெரியுமா என்று விசாரணை தொடங்கியது. வியாதிக்காரன் என்று பேர் எடுத்தால் அதோடு கதை முடிந்தது. வியாதியெல்லாம் இல்லை, கால் வலுவுக்கு ஒரு டானிக் என்று மாற்றிப் போட்டான்.

"அப்ப எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க. முட்டி கழண்டு போச்சு."

"வயசானவங்க குடிக்கக் கூடாதாம் மாஸ்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். அடுத்த நிமிஷம் ஆள் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பறந்தார். அறுபது தாண்டிய காலா அது என்று இவனுக்கு ஆச்சரியம். துரத்திப் பிடிக்க மோட்டாரை உச்சத்தில் வைத்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு பின்னால் போனான். கடைசி வளைவில் தண்டிலும் பாட்டிலிலும் இருந்ததெல்லாம் தீர்ந்து, சைக்கிள் கல்லாகக் கனத்தது.

அங்கே பார்த்தால் மாஸ்டரும் இறங்கி நின்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டியதை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மிச்ச தூரத்தைப் பேசிக்கொண்டே நடந்து போகலாம் என்றார். தன்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நடந்த வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

உச்சியில் ஒரே ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்க, இருவரும் செம்பு செம்பாக மொண்டு குடித்தார்கள். மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"தாகம்னு கேட்ட மனுஷனுக்கு ஒரு வாய் குடுக்க உங்களுக்கு மனசு வரல. உங்களை நம்பி எப்படித் தம்பி பொண்ணைக் குடுக்கறது?"

கல்நெஞ்சக்காரன் என்ற பேரோடு அவளை இழப்பதற்கு, பொய்யன் என்ற பேரோடு இழப்பது மேல் என்று தோன்றியது இவனுக்கு. உறையைக் கழற்றிக் காட்டினான்.

"இது தண்ணியும் இல்ல, மருந்தும் இல்ல மாஸ்டர். பேட்டரி. இந்தச் சைக்கிள்ல மோட்டார் இருக்கு. உங்க பொண்ணு மேல இருந்த ஆசையில ஏமாத்திட்டேன். அவகிட்ட நானே சொல்லிக்கறேன்."

மாஸ்டர் பாட்டிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். பிறகு வேர்வையின் மகிமையைப் பற்றி ஆரம்பித்தார். சொந்தக் காலை நம்பாதவன் வாழ்க்கையில் எதை நம்புவான் என்று கேட்டார். மலையை ஏமாற்றி ஏறினவன் மலையே ஏறாதவன் என்றார். இவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதிலேயே அவன் நினைப்பு ஓடியது.

பேச்சு உச்சத்தில் இருந்தபோது, உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர், இங்க இருக்கறது ஒரே பிளக்கு. எப்பவும் போல உங்க பாட்டிலை முதல்ல சார்ஜ் போடட்டா, இல்ல மாப்பிள்ளையோடதைப் போடட்டா?"